மலையில் ஊர்க்கோழிக் குஞ்சு: பயப்பட வேண்டியது ஈரத்துக்கு

ஊர்க்கோழி வளர்ப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெயில் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. வேப்பிலையைக் கட்டித் தொங்கவிடு, முருங்கைக்கீரையை நறுக்கிப் போடு, கறையான் புற்றை வெட்டிக் கொட்டு என்பார்கள். இலங்கை மலையகத்தில், அட்டனிலும் நுவரெலியாவிலும் இருப்பவர் வேம்பைத் தேடி எங்கே போவது? அதை விடுங்கள். அந்தக் குறிப்புகளில் குஞ்சுக்கு எதிரி வெயில். இங்கே எதிரி வேறு.

குளிர் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதிதான் சரி. தை மாத விடியலில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அந்த நேரத்திலும் தாயின் செட்டைக்குள் கிடக்கும் குஞ்சு சுகமாகத்தான் இருக்கிறது. ஆடி மாதத் தூறலில், 16, 17 பாகை செல்சியஸ் இருக்கும் பட்டப்பகலில், அதே வயதுக் குஞ்சு புல்லுக்குள் ஓடி நனைந்துவிட்டு வந்து பொழுது சாய்வதற்குள் விறைத்துப்போகிறது. குஞ்சின் மேலிருப்பது இறகல்ல, பஞ்சு. பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் அதற்குப் போர்வை. நனைந்தால் பஞ்சு தோலோடு ஒட்டிக்கொள்கிறது, போர்வை போய்விடுகிறது. உடம்பில் சரியான இறகு மூட நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை குஞ்சை நனையவிடாமல் காப்பதுதான் மலையில் கோழி வளர்ப்பின் பெரும்பகுதி. அடை வைக்கும் மாதம், கூட்டின் கூரை, கீழே விரிப்பது, நோய் எல்லாமே சுற்றிச் சுற்றி ஈரத்திடம்தான் வந்து நிற்கும்.

எந்தக் கோழி

ஊர்க்கோழி என்பது ஒரே இனம் அல்ல. கழுத்தில் இறகில்லாதது, இறகு முன்பக்கமாகச் சுருண்டு நிற்பது, குட்டைக்காலி, போர்க்கோழிச் சாயல் உள்ளது என்று பல வகை கலந்து கிடக்கிறது. மொட்டைக்கழுத்துக் கோழி மட்டக்களப்பு, மன்னார் வெக்கைக்கு அருமையான கோழி. உடம்பில் இறகு குறைவு என்பதால் சூடு எளிதாக வெளியேறும். அதே காரணத்தால் மேட்டு நிலத்தில் அது உடம்புச் சூட்டைக் காக்கவே தின்ற தீனைச் செலவழிக்கும். சுருள் இறகுக் கோழியின் மேல் மழைநீர் வழுக்கி ஓடாது, உள்ளே இறங்கும். இரண்டும் பார்க்க அழகு, பதுளை நகர்ப்பக்கம் போன்ற தாழ்ந்த இடங்களில் வைத்துக்கொள்ளலாம். 1,200 மீற்றருக்கு மேலே இருப்பவர்கள் உடலோடு இறுகப் படிந்த இறகும், சிறிய கொண்டையும், சுத்தமான மஞ்சள் அல்லது கருங்காலும் உள்ள சாதாரணப் பெட்டையைத் தேடுங்கள். எடை 1.2 முதல் 1.5 கிலோ போதும். பெரிய கோழி அடையில் முட்டையை மிதித்து உடைக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் தாய் தானே அடைகாத்துக் குஞ்சு பொரித்ததா? “ஊர்க்கோழிக் குஞ்சு” என்று பெட்டியில் வரும் பலவற்றில் முட்டைக்கோழிக் கலப்பு இருக்கும். நிறம் ஊர்க்கோழி நிறம், குணம் அப்படியல்ல. முட்டை கூடுதலாக இடும், ஆனால் அடைக்கு உட்காராது. ஊர்க்கோழி ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டைதான் இடும். அந்தக் குறைவை ஈடுகட்டுவது அதன் தாய்மை. அதுவும் இல்லையென்றால் அந்தக் கோழியை வைத்துக்கொண்டு என்ன பயன்?

சேவல் விடயத்தில் நம்மவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. கூட்டத்தில் வேகமாக வளர்ந்து நிமிர்ந்து நிற்கும் சேவலைத்தான் முதலில் விற்பது, தீபாவளிக்கு அடிப்பது, முனியாண்டிக்கு நேர்ந்துவிடுவது. விலை போகாத சோணிச்சேவல் கூட்டத்தில் மிஞ்சி அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. நான்கு வருடத்தில் கோழி சிறுத்துவிட்டது என்று மண்ணைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முதலில் இனத்துக்கு ஒன்றை ஒதுக்குங்கள், நேர்த்தி அதற்குப் பிறகு. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு தோட்டத்துச் சேவலோடு மாற்றிக்கொண்டால் நெருங்கிய உறவுக் கலப்பு நேராது.

இங்கே ஓர் இடைச்செருகல். காட்டோரத் தேயிலை மலைகளில் கண்ணில் படும் சேவல், சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் படிந்தது, இலங்கைக் காட்டுக்கோழி. இந்த நாட்டுக்கு மட்டுமே உரியது, தேசியப் பறவையும் அதுதான். நம் வீட்டுக் கோழியின் மூதாதை அதுவல்ல, ஆசியப் பெருநிலத்தின் சிவப்புக் காட்டுக்கோழி. அதன் முட்டையை எடுத்து வந்து அடை வைத்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். சட்டப்படியும் தவறு, குஞ்சும் தேறாது.

மாதத்தைப் பார்த்து அடை வையுங்கள்

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் இல்லை. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அடித்து ஊற்றும், தை முதல் பங்குனி வரை காய்ந்த காலம். இவர்கள் டிசெம்பர் நடுவில் அடை வைத்தால் 21 நாளில், தை பிறப்பதற்குச் சற்று முன்னே, குஞ்சு வரும். சித்திரை இடிமழை தொடங்கும்போது குஞ்சுக்கு மூன்று மாதம், முழு இறகு. ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, வெலிமடை, பதுளை, கணக்கு மாறும். அங்கே நனைப்பது ஐப்பசிக்குப் பிந்திய மழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று. மே நடுவில் அடை வைப்பது நல்லது, ஆனால் அந்தக் காற்றுக்கு மறைப்பு வேண்டும்.

கோழி நம் நாட்காட்டியைப் பார்த்து அடைக்கு வராது. தப்பான மாதத்தில் உட்கார்ந்துவிட்டால் அடையைக் கலைத்துவிட வேண்டியதுதான். தண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பீலியில், அதாவது மலையூற்றுக் குழாயில், வரும் தண்ணீரின் குளிருக்கு அது கோழியைச் சளியில் தள்ளும். அடியில் காற்று ஓடும்படி கம்பி அல்லது சட்டம் அடித்த கூட்டில், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில், தீனும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்து வையுங்கள். வயிற்றடிச் சூடு இறங்கியதும் அடை விட்டுப்போகும்.

முட்டை சேர்ப்பதில் மலைக்காரருக்கு ஒரு கொடுப்பினை. அடை முட்டையை வைத்திருக்கச் சிறந்த வெப்பம் 15 முதல் 18 பாகை. கீழ்நாட்டில் இதற்குப் பானையும் மணலுமாகப் பாடுபடுகிறார்கள், இங்கே லயத்துக் காம்பிராவின், அதாவது தோட்ட வரிசைவீட்டு அறையின், வடக்குச் சுவரோரமே அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. அடுப்புக்கு மேலே மட்டும் வைக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, நாளுக்கு ஒருமுறை பக்கம் சாய்த்து, 7 நாளுக்குள் அடைக்கு ஏற்றுங்கள். 10 நாள் தாண்டினால் பொரிப்பு குறையும். அழுக்கான முட்டையைக் கழுவ வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் போய், துளை வழியே கிருமி உள்ளே இழுபடும். இலேசான அழுக்கைக் காய்ந்த துணியால் தேய்க்கலாம், மோசமானதைப் பொரித்துச் சாப்பிடலாம்.

எத்தனை முட்டை? கீழ்நாட்டில் 12, 15 என்று வைப்பார்கள். இங்கே சிறிய கோழிக்கு 9, நல்ல அகலமான கோழிக்கு 11. கோழியின் வயிற்றுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு முட்டை அந்த ஒன்றோடு நிற்காது. கோழி முட்டைகளை உருட்டிக்கொண்டே இருப்பதால் இன்று வெளியே கிடந்தது நாளை உள்ளே போகும், வேறொன்று வெளியே வந்து குளிரும். இப்படியே முறைபோட்டுப் பாதி கெட்டுப்போகும்.

அடைப்பெட்டி 14 அங்குலச் சதுரம், 12 அங்குல உயரம், முன்பக்கம் 5 அங்குலப் பலகை. அடியில் சாக்கு, அதன்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த மண், மேலே நன்றாக உலர்ந்த மானாப்புல்லைக் கிண்ணம்போல் வளைத்து வையுங்கள். கோழியை ஏற்றுவதற்கு முந்திய நாள் செட்டையடியிலும் ஆசனவாய்ப் பக்கத்திலும் பேன் இருக்கிறதா என்று இறகைப் பிரித்துப் பாருங்கள். அடைக்கோழி மண்குளியலுக்குப் போகாததால் மூன்று வாரத்தில் பேன் பெருகும், கோழி எழுந்து ஓடிவிடும். அடையை நடுவில் விட்டுப்போகும் கோழிகளில் நிறையப் பேருக்குக் காரணம் இந்தக் கடிதான், “கோழிக்குப் புத்தி சரியில்லை” என்பதல்ல. உலர்ந்த விறகுச் சாம்பலை இறகுக்குள் தேய்த்துவிடுங்கள். சாம்பல் ஈரமானால் தோலை அரிக்கும் என்பதால் பெட்டிக்குள் அள்ளிக் கொட்டாதீர்கள்.

இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பாணியும் பெட்டியில் போடும் வழக்கம் உண்டு. கெடுதல் இல்லை, ஆணியின் முனை முட்டையில் படாமல் இருந்தால் சரி.

கோழி நாளுக்கு ஒருமுறை, 15 முதல் 20 நிமிடம் இறங்கும். அரை மணிக்கு மேல் போனால் இந்தக் குளிரில் முட்டை ஆறிவிடும். அதனால் தீனும் தண்ணீரும் பெட்டிக்கு ஆறடிக்குள் இருக்கட்டும். முழுச் சோளமோ நெல்லோ கொடுத்தால் எச்சம் கெட்டியாக விழும், பெட்டி நாறாது. ஏழாம் நாள் இரவு கைபேசி வெளிச்சத்தை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்திபோல நரம்பு பரவியிருந்தால் கரு உண்டு. தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. பின்னிரண்டையும் எடுத்துவிடுங்கள். 18 ஆம் நாளுக்குப் பின் கை வைக்க வேண்டாம். குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கி முழுதாக வெளியே வர 24 மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு உரித்து உதவினால் இரத்தம் கசியும், தொப்புள் மூடாது.

மன்னாரிலோ புத்தளத்திலோ இருந்து முட்டை கொண்டுவந்து இங்கே அடை வைப்பவர்கள் பொரிப்பு குறைகிறதென்று வியாபாரியைத் திட்டுவார்கள். பஸ்ஸின் குலுக்கல் ஒரு காரணம். இன்னொன்று உயரம். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உயிர்வாயுவும் அதே அளவு குறைவு, ஓட்டின் வழியே நீர் வேகமாக வெளியேறும். தாழ்நிலத்துக் கோழியின் முட்டை அதற்குப் பழகியதல்ல. முட்டைக்குப் பதில் ஒரு மாதக் குஞ்சாகக் கொண்டுவாருங்கள். இங்கேயே வளர்ந்து இடும் முட்டை அடுத்த தலைமுறையில் நன்றாகப் பொரிக்கும்.

முதல் ஐந்து வாரம்

பொரித்த குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் சாகாது. எனவே அவசரமில்லை. பஞ்சு காய்ந்து உதறி நிற்கட்டும்.

முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விடியற்காலைப் பீலித் தண்ணீரை அப்படியே வைத்தால் குடித்த குஞ்சு உள்ளிருந்தே குளிரும், குடிக்கப் பிடிக்காமல் நிறுத்தியும்விடும். தட்டையான சாசரில் சுத்தமான கூழாங்கல் போட்டு, கல்லிடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். குஞ்சு மூழ்குவது ஒரு பக்கம், கால் நனைந்து வயிறு நனைவது இன்னொரு பக்கம். இரண்டும் இங்கே ஒன்றுதான்.

தாயோடு வளர்ப்பவர்கள் முதல் இரண்டு வாரம் தாயைத் திறந்துவிடக் கூடாது. ஆர்வமுள்ள தாய்க்கோழி புல்லில் பனி காயுமுன்னே குஞ்சுகளை இழுத்துக்கொண்டு மலைக்குப் போகும். முன்பக்கம் சட்டமடித்த கூட்டில் தாயை அடையுங்கள், குஞ்சு மட்டும் சட்டத்துக்கு இடையால் வந்து போகட்டும். குளிர்ந்தால் தானே தாயிடம் ஓடிவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து காலை 10 மணிக்கு மேல், புல் காய்ந்த பிறகு, வெளியே விடலாம். மூடுபனி இறங்கும் மத்தியானங்களில் இரண்டு மணிக்கே உள்ளே சேர்த்துவிடுங்கள். இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) தாயும் குஞ்சும் ஒதுங்க ஒரு கவிழ்த்த கூடை இருந்தால் திடீர்த் தூறலுக்கு உதவும்.

தாயில்லாக் குஞ்சு என்றால் வேலை இரட்டிப்பு. முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 32 முதல் 35 பாகை. பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைத்து 20, 21 வரை வாருங்கள். கீழ்நாட்டுக் கணக்கான குஞ்சுக்கு 2 வாற்று இங்கே எடுபடாது. 25 குஞ்சுக்கு 100 வாற்று இழைக்குமிழ் ஒன்றை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்ஈடி குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. இந்த ஒரு பிழையால் மாண்ட குஞ்சு கொஞ்சமல்ல. மீன்கடைகளில் கிடைக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) பெட்டி நல்ல போர்வை, ஆனால் உட்புறம் அட்டை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கொத்தித் தின்னும். வெப்பமானியைவிடக் குஞ்சைப் பார்ப்பது சுலபம். விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று நுழைகிறது. பரவிப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

மின்சாரம் போகும் இரவுக்கு இரண்டு போத்தல் சுடுநீர் நிரப்பி, துணி சுற்றி, நடுவில் வையுங்கள். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்றினால் விடியும்வரை தாங்கும். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுக் காற்றுக்கு மணமில்லை. குஞ்சோடு அதே காம்பிராவில் தூங்கும் மனிதரையும் கொல்லும்.

இதற்கெல்லாம் மாற்று, இரண்டு கோழியை ஒரே நாளில் அடை வைப்பது. பொரித்த இரவிலேயே இருட்டில் எல்லாக் குஞ்சையும் ஒரு தாயிடம் சேர்த்துவிடுங்கள். 12, 13 வரை தாங்கும். மற்றக் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். பகலில் சேர்த்தால் கொத்தும், மூன்று நாள் கடந்தாலும் ஏற்காது.

விரிப்புக்கு மரச்சீவல் சிறந்தது. மரத்தூள் வேண்டாம், முதல் வாரத்தில் தீன் என்று நினைத்து விழுங்கும். பத்திரிகைத் தாளில் கால் வழுக்கி, தொடை விரிந்து நொண்டியாகும். சீவல் கிடைக்காவிட்டால் நறுக்கி உலர்த்திய மானாப்புல் இரண்டு அங்குலம். கையில் அள்ளிப் பிடித்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அன்றே மாற்றுங்கள்.

கூடு

குளிரென்று பயந்து கூட்டைச் சுற்றிலும் பொலித்தீனால் இறுக்கிக் கட்டுவதுதான் மலையில் அடிக்கடி காணும் தவறு. பத்துக் கோழியின் மூச்சுக்காற்று வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, விடியும்வரை சொட்டுச் சொட்டாக முதுகில் விழும். கீழே எச்சம் நனைந்து மூக்கைத் துளைக்கும். இந்த நவச்சார (அமோனியா) வாடை நமக்கே தெரிகிறதென்றால் கோழியின் கண்ணும் நெஞ்சும் அதற்குள் புண்ணாகிவிட்டன. தும்மல், கண்ணில் நுரை, கொறட்டை எல்லாம் அதன் பின்னே வரும். செய்ய வேண்டியது: கோழி படுக்கும் உயரத்துக்குச் சுவரை நன்றாக அடையுங்கள், கூரைக்குக் கீழே நாலு அங்குலம் இரு பக்கமும் திறந்திருக்கட்டும். தகரத்துக்கு அடியில் பழைய பலகையோ சாக்கோ அடித்தால் வியர்வை சொட்டாது. கூடு நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி. படுக்கும் சட்டம் இரண்டு அங்குல அகலம், தட்டைப்பக்கம் மேலே. அப்போதுதான் இறகு விரலை மூடும்.

வலை அரை அங்குலத் துளை உடையதாக இருக்கட்டும். ஓர் அங்குல வலைக்குள் எலி நுழையும். ஒரே இரவில் ஐந்தாறு குஞ்சு காணாமல் போனால் பலரும் மரநாயைத் தேடுவார்கள். கூட்டடியில் எலிவளையை முதலில் தேடுங்கள். பகலில் கீரியும் வல்லூறும் காகமும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேயும் கோழிக்கு மேலிருந்து வரும் ஆபத்துக் குறைவு, ஆனால் களைகொல்லி அடித்த மலையில் சில நாளைக்கு விடவே கூடாது.

தீனும் நோயும்

முதல் ஆறு வாரம் குஞ்சுத்தீன்தான். குறுணல் அரிசி மட்டும் போட்டால் குஞ்சு உயிரோடிருக்கும், இறகு வராது. இறகு புரதத்தால் ஆனது, இறகு தாமதித்தால் ஈரத்துக்கு ஆட்படும் நாட்களும் நீளும். பிறகு குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மண்புழு. மரக்கறித் தோட்டத்துக் கழிவு இங்கே தாராளம். கரட் இலை நல்லது. கோவா (முட்டைக்கோசு) இலை அளவோடு. பச்சையாகிப்போன உருளைக்கிழங்குத் தோல் நஞ்சு. மருந்தடித்த லீக்ஸையும் கோவாவையும் மனிதர் சாப்பிடக் காத்திருக்கும் நாள் கோழிக்கும் உண்டு.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ஒரு குஞ்சு செட்டையைத் தொங்கவிட்டுக் குறுகி நின்றால் எச்சத்தைப் பாருங்கள். இரத்தம் கலந்திருந்தால் இரத்தக்கழிச்சல். ஈர விரிப்பில் முதிரும் நுண்ணுயிர் அது. இதற்கு மருந்து அம்ப்ரோலியம்: 20 சதவீதத் தூள் என்றால் லீற்றர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள், வேறு தண்ணீர் வைக்காமல். குளிரில் குஞ்சு குறைவாகக் குடிப்பதால் மருந்தும் குறைவாகவே உள்ளே போகும். தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள். விரிப்பை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த வாரம் திரும்ப வரும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு, அதுதான் ரானிக்கெட், மருந்தில்லை, தடுப்புத்தான். முதல் வாரக் கடைசியில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, பிறகு கால்நடை வைத்திய அலுவலகம் சொல்லும் இடைவெளியில். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடும் அளவு இருக்கும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காரர் தனியே வாங்கி மிச்சத்தைக் கொட்டுவதைவிட லயம் முழுவதும் ஒரே நாளில் போடுவதே சரி. பக்கத்துக் காம்பிராக் கோழிக்கு வந்தால் நம்முடையதற்கும் வரத்தான் போகிறது. குப்பியைப் பனிக்கட்டியோடு பிளாஸ்கில் கொண்டுவாருங்கள், சட்டைப் பையில் அல்ல. அம்மைத் தடுப்பு, ஆறாம் வாரமளவில், செட்டைத் தோலில். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள். திருவிழாச் சந்தையில் வாங்கி அன்றிரவே கூட்டுக்குள் தள்ளிய சேவலோடுதான் பல லயங்களுக்கு ரானிக்கெட் வந்திருக்கிறது.

குஞ்சைத் தாயிடமிருந்து பிரிப்பது கீழ்நாட்டில் நான்காம் வாரம். மலையில் ஆறு, மழை விடாவிட்டால் எட்டு. பிரித்த முதல் மூன்று இரவும் குஞ்சுகள் சட்டத்தில் ஏறாமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும், அடியில் கிடப்பது மூச்சடைத்துச் சாகும். இருட்டியபின் ஒருதரம் போய்க் கையால் பிரித்து, மூலையில் ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டு வாருங்கள்.